தேவாலா வழியே முதுமலைக்கு: காடு, நடை, பாடி

தேவாலா என்ற பெயரைத் தமிழ்நாட்டில் பலரும் தெரிந்துவைத்திருப்பது வானிலை அறிக்கை வழியாகத்தான். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் போதும், ‘நீலகிரி மாவட்டம் தேவாலாவில்’ என்று தொடங்கி ‘இத்தனை சென்டிமீட்டர்’ என்று முடியும் வரி அடிக்கடி காதில் விழும். சின்னக்கல்லாறு, வால்பாறை, அவலாஞ்சி, பந்தலூர் என்று நீளும் மழைப் பட்டியலில் முன்வரிசை ஊர். அறிக்கைக்கு வெளியே இந்த ஊரைப் பற்றிப் பேச்சு இல்லை. கூடலூரிலிருந்து நாடுகாணிக்கு வந்து, நிலம்பூருக்கு இறங்கும் சாலையை விட்டுவிட்டுப் பந்தலூர் பக்கம் திரும்பினால் சில கிலோமீட்டரில் தேவாலா வந்துவிடும். வயநாட்டிலிருந்து சேரம்பாடி, பந்தலூர் வழியாக முதுமலைக்குப் போகும் வண்டிகள் இங்கே டீ குடிக்க நிற்கும், நிற்காமலும் போய்விடும்.

அந்த வண்டிகளில் வருகிறவர்களுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் ஒரே மாதிரிப் பொட்டலம். சரணாலயத்தில் ஒரு சவாரி, மலையில் ஒரு நடை, சாயங்காலம் நெருப்பு மூட்டி அதைச் சுற்றிப் பழங்குடி நடனம். காடு, நடை, கலை மூன்றும் இரண்டு நாளில் முடிந்துவிடும். இப்படிப் பார்க்க வருவதால் காட்டுக்கும் அதில் இருப்பவர்களுக்கும் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்ற கேள்வி நாற்பது ஆண்டுகளாக நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் சங்கக் கூட்டங்களிலும் பல வடிவங்களில் கேட்கப்பட்டுவருகிறது. அதை மொத்தமாக எடுத்துப் பார்க்கத் தேவாலா சரியான இடம். சரணாலய எல்லைக்குள் இந்த ஊர் இல்லை. யானையும் ஆதிவாசியும் காட்டின் மிச்சமும் இங்கே இருக்கின்றன. சரணாலயம் என்ற ஏற்பாட்டில் எது விடுபட்டது என்று வெளியே நின்று பார்த்தால்தான் தெரிகிறது.

வெளியூர் ஆட்கள் தேவாலாவுக்குக் கூட்டமாக வந்தது முதலில் தங்கத்துக்காக. தென்கிழக்கு வயநாடு என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1877இல் மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. ஓடைகளில் குறும்பர்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பது அதற்கு வெகு காலம் முன்பே நடந்துவந்தது. ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் அனுபவம் பெற்ற ப்ரோ ஸ்மித் 1880இல் கொடுத்த அறிக்கை, பாறைக்குள்ளேயே பெரும் தங்கம் இருப்பதாக நம்பிக்கை ஊட்டியது. லண்டனில் கம்பெனிகள் மளமளவென்று தொடங்கப்பட்டன. தேவாலாவும் பந்தலூரும் ஓரிரு ஆண்டுகள் பரபரத்தன. பிறகு பாறையை உடைத்துப் பார்த்ததில் செலவுக்குக்கூடக் கட்டவில்லை, எல்லாம் சரிந்தது. அன்று வெட்டிய சுரங்கக் குகைகள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. திருட்டுத்தனமாகப் பொன் தோண்டப் போனவர்கள் பிடிபட்ட செய்தி இப்போதும் அவ்வப்போது வருகிறது.

தங்கம் போனபின் தோட்டம் நிலைத்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968இல் அரசே காட்டு நிலத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் டேன்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், தேவாலா என்று வரிசையாக அதன் தோட்டங்கள். யானை நடந்த பாதையில் லயன் வீடுகள் வந்தன. அங்கே குடியேறியவர்கள் விரும்பி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். அரசு காட்டிய இடத்தில் இறங்கியவர்கள். யானை–மனிதர் மோதல் என்று எழுதும்போது இந்தச் சங்கதியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

இதற்கு மேல் நிலச் சிக்கல். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரை உடைமையாக, அதாவது ஜென்ம நிலமாக இருந்த 80 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பை ரயத்துவாரியாக மாற்ற 1969இல் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. வழக்குகளில் சிக்கி, அதில் ஒரு பெரும்பகுதி யாருடையது என்று இன்றும் முழுதாகத் தீரவில்லை. அந்தச் சட்டத்தை வைத்து ‘பிரிவு 17 நிலம்’ என்று சொன்னால் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பட்டா கிடையாது, மின் இணைப்புக்கு அலைச்சல், ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு வாக்குறுதி. காடு எது, தோட்டம் எது, குடியிருப்பு எது என்று காகிதத்தில் பிரிக்க முடியாத ஊரில் யானை மட்டும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம்.

அந்த எதிர்பார்ப்பு எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்கு ஒரு யானையின் கதை போதும். வனத்துறை பி.எம்.2 என்று பெயரிட்ட, தந்தமில்லாத ஆண் யானை. வீட்டுச் சுவரை உடைத்து அரிசியைத் தேடித் தின்றதால் மக்கள் வைத்த பெயர் ‘அரிசி ராஜா’. 2022 நவம்பரில் தேவாலா அருகே வாழவயலில் இது ஒரு பெண்ணைக் கொன்றது. மக்கள் மறியலுக்குப் பின் டிசம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டுக்குள் விட்டார்கள். ஜனவரி முதல் வாரத்தில் அது கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகரத் தெருவில் நின்றது. கேரள வனத்துறை பிடித்து முத்தங்கா முகாமில் அடைத்தது. சரணாலயத்தில் கொண்டுபோய் விட்டால் யானை சரணாலயத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கை ஒரு மாதம் தாங்கியது. பலாப்பழக் காலத்தில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்கள் பழுக்குமுன்னே காயை வெட்டி இறக்குவதும், வாசனை வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதும் வேடிக்கைக்காக அல்ல. இந்த ஊர்க்காரர்களுக்கு வனவிலங்கைப் பார்க்க டிக்கெட் தேவைப்படுவதில்லை.

டிக்கெட் தேவைப்படும் காடு கூடலூருக்கு அப்பால் தொடங்குகிறது. முதுமலை 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர்தான். பின்னர் விரிந்து 321 ஆனது. 2007இல் புலிகள் காப்பகம் ஆகி, வெளிமண்டலத்தையும் சேர்த்து இப்போது 688 சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பின்படி காப்பகத்துக்குள் 114 புலிகள். இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளத்தின் நடுவில் முதுமலை இருக்கிறது; ஒரு பக்கம் பந்திப்பூர், இன்னொரு பக்கம் வயநாடு, கிழக்கே சீகூர் வழியாகச் சத்தியமங்கலம்.

சுற்றுலாப் பயணி பார்ப்பது இதில் ஒரு துண்டு. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு குறிப்பிட்ட தடத்தில் சுற்றி வந்து இறக்கிவிடுவார்கள். சொந்த வண்டி உள்ளே போகாது. புள்ளிமான், காட்டெருமை, சாம்பல் மந்தி நிச்சயம். யானை பெரும்பாலும். புலி அவரவர் அதிர்ஷ்டம். இதில் ஏமாந்து திரும்புகிறவர்கள்தான் அதிகம் என்பது சரணாலயத்தின் குறை அல்ல, எதிர்பார்ப்பின் குறை. காப்பகத்தின் மேற்கு ஓரம் கூடலூர் மழையை வாங்கி அடர்ந்திருக்கிறது. கிழக்கே போகப் போக மழை பாதிக்கும் கீழே குறைந்து, மசினகுடியைத் தாண்டியதும் முள்காடாகிவிடுகிறது. ஒரே மணி நேரப் பயணத்தில் இத்தனை வகைக் காட்டைக் கடக்கும் இடம் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை. இந்திய அறிவியல் கழகம் 1988இல் இங்கே 50 ஹெக்டேர் காட்டை எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் எண் போட்டு இன்றுவரை கணக்கெடுத்துவருகிறது. மா. கிருஷ்ணன் போன்ற இயற்கையியலர் முதுமலைக்குத் திரும்பத் திரும்ப வந்து யானைகளைக் கவனித்து எழுதியதும் படம் எடுத்ததும் நிதானமாக இருந்ததால்தான் முடிந்தது. சவாரி வண்டியில் நிதானத்துக்கு இடமில்லை. எதிரே வரும் வண்டி ஓட்டுநர் கை காட்டினால் அந்தப் பக்கம் பாய்கிறார்கள்.

பசுமை என்று நாம் ரசிப்பதையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சாலையோரம் புதராக மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியும், மஞ்சள் பூவாய்ச் சொரியும் சென்னா மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இவற்றின் அடியில் புல் வளராது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் யானைக்கும் தீனி இல்லை. அழகுக்கும் நிழலுக்கும் கொண்டுவந்து நட்டது மனிதர்கள். இப்போது அந்தச் சென்னா மரங்களை வெட்டித் தமிழ்நாடு காகித ஆலைக்குக் கூழாக அனுப்பும் வேலையை வனத்துறை எடுத்திருக்கிறது. பயணிகள் அந்த மரத்தடியில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தெப்பக்காடு யானைகள் முகாம் இந்தப் பயணத்தில் தவறவிடக் கூடாத இடம். மரம் இழுக்க யானை பழக்கிய காலத்தில் தொடங்கி நூறாண்டைத் தாண்டிவிட்டது. இப்போது இருபத்தைந்துக்கும் மேற்பட்ட யானைகள். ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டுவதும் காயம்பட்டதைக் கொண்டுவருவதும் கும்கிகளின் வேலை. காலையும் மாலையும் உணவு கொடுக்கும் நேரத்தில் பயணிகளைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துவார்கள். வேகவைத்த ராகி, கொள்ளு, அரிசிச் சோறு, தேங்காய், வெல்லம், உப்பு என்று ஒவ்வொரு யானைக்கும் வயதையும் உடம்பையும் பார்த்து மருத்துவர் எழுதிய அளவு இருக்கிறது. பாகன் களியை இரண்டு கையாலும் பிசைந்து பெரிய கவளமாக உருட்டுகிறார். யானை துதிக்கையை நெற்றிக்கு மேல் சுருட்டிக்கொண்டு கீழ்த்தாடையை இறக்குகிறது. கவளத்தை எறிவதில்லை, முழங்கை வரை வாய்க்குள் விட்டு நாக்கின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுக்கிறார். பல் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும், கை இருக்கும் இடம் யானைக்குத் தெரியும். கூட்டம் யானையைப் படம் எடுக்கிறது. கையை யாரும் படம் எடுப்பதில்லை.

அந்தக் கைகள் பெரும்பாலும் பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் கைகள். பாகன், அவருக்கு உதவியாகக் காவடி என்று தலைமுறை தலைமுறையாக இந்த வேலை. காட்டுநாயக்கர்களான பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்ற தாயிழந்த குட்டிகளை வளர்த்த கதையைச் சொன்ன ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியபின் முகாமுக்குக் கூட்டம் பெருகியது. பிரதமர் வந்தார், குடியரசுத் தலைவர் வந்தார். தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களில் பணிபுரியும் 91 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாயும் வீடு கட்ட நிதியும் தமிழக அரசு அறிவித்தது. பெள்ளி முகாமின் முதல் பெண் காவடியாக நியமிக்கப்பட்டார். இவ்வளவும் நல்ல செய்தி. அதே ஆண்டில் படத்தில் வந்தவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்ற சர்ச்சையும் வெடித்தது. படத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே தீர்க்க முடியாது. ஆனால், ஆதிவாசியின் வாழ்க்கை படமாகவும் காட்சியாகவும் விற்பனைக்குப் போகும்போது விலையை யார் பேசுகிறார்கள் என்ற கேள்வி முதல்முறையாகச் சென்னை வரை கேட்டது.

நடைப்பயணத்துக்கு வருவோம். புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில் பொழுதுபோக்காக நடக்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாமல் நுழைவதையே தடுக்கிறது. ‘நாங்கள் உங்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகிறோம்’ என்று மசினகுடியிலோ கூடலூரிலோ யாராவது தனியாகக் காதில் ஓதினால், அது சட்டவிரோதம் என்பதோடு ஆபத்தும்கூட. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினர் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 தடங்களை இணையவழி முன்பதிவில் திறந்தது. காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தடங்களை மூடிவைக்கிறார்கள். ஒவ்வொரு குழுவோடும் உள்ளூர் வழிகாட்டி. அவர்களில் பழங்குடியினர் பலர்.

தேவாலாவில் தங்கி நடக்க நினைப்பவர்களுக்கு நாடுகாணி மரபணுத் தோட்டத் தடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊட்டி சாலையில் ஏறினால் ஊசிமலை. அங்கிருந்து கீழே பார்த்தால் கூடலூர்ப் பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலையும் நடுநடுவே காட்டுத் திட்டுகளும் தெரியும். இந்தப் பகுதியை வரைபடத்தில் படிப்பதைவிட ஊசிமலையில் நின்று படிப்பது எளிது: எந்தத் திட்டிலிருந்து எந்தத் திட்டுக்கு யானை போக வேண்டும், நடுவில் எத்தனை தோட்டம், எத்தனை கூரை என்று கண்ணாலேயே கோடு இழுக்கலாம். வட்டத்தில் உள்ள எல்லாப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கூட்டிப்போனால் பாடப்புத்தகத்தில் இரண்டு பாடத்தைக் குறைத்துவிடலாம். நீலகிரியின் மறுகோடியில், கோத்தகிரிக்குக் கீழே கரிக்கையூரிலிருந்து பொறிவரைப் பாறை ஓவியங்களுக்குப் போகும் தடமும் இத்திட்டத்தில் உண்டு. தொல்பழங்கால ஓவியங்களை அங்கே போனவர்களே கெடுத்த செய்தி திட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது என்பதால், வழிகாட்டி இல்லாமல் அனுப்பக் கூடாது என்ற விதியை யாரும் கெடுபிடி என்று சொல்ல முடியாது.

விடுதிகளின் கதை நீளமானது. சுருக்கிச் சொன்னால்: காப்பகத்துக்கு வெளியே, சீகூர்ப் பீடபூமியில் யானைகள் காலங்காலமாகக் கடக்கும் வழியில் விடுதிகள் முளைத்தன. 2010இல் அதை யானை வழித்தடமாக அரசு அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018இல் விதிமீறிய விடுதிகளுக்கு முத்திரை வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று வழித்தட அறிவிப்பை உறுதிசெய்தது. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதியை நெருங்கிய யானை மீது எரியும் பொருளை வீசிய காட்சி நாடெங்கும் பரவியது. காயத்தில் அந்த யானை செத்தது. அதே மாதம் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய பெண் பயணி யானை தாக்கி இறந்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், யானைப் பாதையில் படுக்கை போடுவது இரண்டு தரப்புக்கும் ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தேவாலா, பந்தலூர்ப் பக்கம் விடுதிப் பெருக்கம் இன்னும் மசினகுடி அளவுக்குப் போகவில்லை. தோட்ட பங்களாக்கள் ஹோம்ஸ்டேயாக மாறிவருகின்றன. மசினகுடி செய்த தவறை இங்கே தொடங்கும்போதே தடுக்கலாம். யானைக் கணக்கைப் பார்த்து அனுமதி கொடுக்கும் வழக்கம் மட்டும் வந்தால் போதும்.

இனி, பொட்டலத்தின் மூன்றாவது சரக்கு: பழங்குடிப் பண்பாடு. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள். தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறும் இவையே. படங்களில் அதிகம் தெரிபவர்கள் ஊட்டிப் பக்கத்துத் தோடர்கள். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவர்கள் பணியர். இவர்கள் பல தலைமுறைகளாகப் பிறர் வயலில் அடிமையாக உழைத்தவர்கள். மானந்தவாடி வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஒரு வருடத்துக்கு முன்பணம் கொடுத்து ஆட்களை எடுக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. இவர்களுடைய துடியும் குழலும் நாற்று நடவோடு ஒட்டியவை. சேற்றில் வரிசையாக நடும் கைகளுக்குத் தாளம் கொடுக்கவே வரப்பில் நின்று வாசித்தார்கள். வாழவயல், பொன்வயல் என்று ஊர்ப் பெயரில் வயல் இருக்கிறது. நிலத்தில் தேயிலையும் வாழையும் இஞ்சியும் இருக்கின்றன. நடவு போனபின் அந்த வாத்தியத்துக்கு மிஞ்சிய மேடைகளில் ஒன்றுதான் விடுதி முற்றத்து நெருப்பு. அதில் ஆடுபவர்களுக்குக் கூலி கிடைக்கிறது என்பதால் கேவலம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதைப் ‘பழங்குடிப் பண்பாடு’ என்று அறிவிப்பது, கிணற்றில் இருந்து எடுத்த வாளியைக் கிணறு என்று சொல்வது போல.

பாடிகள் எனப்படும் ஆதிவாசிக் குடியிருப்புகளுக்குள்ளேயே கூட்டிப்போகும் பயணங்களைப் பற்றி எனக்கு இந்த இரட்டை மனம் இல்லை. அவை கூடாது. அந்தமானில் ஜாரவாக்களைச் சாலையோரம் ஆடவைத்துப் பயணிகள் வேடிக்கை பார்த்த காட்சி 2012இல் வெளிவந்தபோது நாடே வெட்கப்பட்டது. கூடலூர்ப் பாடிகளில் நடப்பது அவ்வளவு கொடூரம் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டும் கேமராவும்தான். ஆனாலும் அடிப்படை ஒன்றே: நீங்கள் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள், அவர்கள் அழைக்கவில்லை. தோடர் முதல் பணியர் வரை எல்லாரையும் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ஊட்டியை அடுத்த முத்தோரை பாலடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. நாலு பேர் வந்துபோகும் இடமாக அது தூங்கிக்கொண்டிருக்கிறது.

தவிர, கூடலூர் ஆதிவாசிகளிடம் இன்று பார்க்க வேண்டியது நடனம் மட்டுமா? 1980களின் நடுவில் அக்கார்டு அமைப்பின் முயற்சியில் பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஐவரும் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கட்டினார்கள். 1988 டிசம்பரில் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கில் கூடலூர்த் தெருக்களில் நடந்தார்கள். அதுவரை தோட்டக்காரரைக் கண்டால் வழி விலகியவர்கள் அன்று சாலையின் நடுவே நடந்தது, இந்த மலை கண்ட மிக முக்கியமான நடைப்பயணம். தங்களுக்கென்று கூடலூரில் அஸ்வினி மருத்துவமனையை நிறுவினார்கள். ஆதிவாசிப் பெண்களே அதில் செவிலியர்கள். இந்தியாவில் அரிவாள் செல் நோய் முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். அந்த நோய்க்குத் தொடர் சிகிச்சை இன்று உள்ளூரிலேயே கிடைப்பதற்கு இந்த மருத்துவமனை ஒரு காரணம். விடுதிக்காரரின் பட்டியலில் இது எதுவும் வராது.

கைவேலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இங்கே ஒன்று இருக்கிறது. காட்டைக் கெடுக்கும் அதே உண்ணிச்செடியை வெட்டி, கொதிநீரில் வேகவைத்துப் பட்டை உரித்து, சூடு ஆறுமுன் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து ஆணியடித்து, ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைப் பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் இந்தப் பகுதியில் நடமாடும் ஏதோ ஒரு யானையின் சாயல்; காதுக் கிழிசல்கூட அப்படியே இருக்கும். 2021இல் லண்டன் பூங்காக்களிலும், 2024இல் அமெரிக்காவின் நியூபோர்ட், நியூயார்க் நகரங்களிலும் கூட்டமாக நிறுத்தப்பட்டன. விற்ற பணத்தில் வன உயிர்ப் பாதுகாப்புக்கும் பங்கு போனது. செய்த கைக்குக் கூலி, காட்டுக்குக் களை குறைவு, பார்ப்பவருக்குப் பார்க்க ஒன்று. யாருடைய வீட்டுக்குள்ளும் யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

அறிவையும் பண்பாட்டில் சேர்த்தால் படம் இன்னும் மாறும். 2021இல் கூடலூர் தேவன் தோட்டத்திலிருந்து தொடங்கி மசினகுடி வரை அதிகாரிகளை அலைக்கழித்த டி-23 புலியை, டிரோனும் கேமராவும் சுற்றித் திரிந்த மூன்று வாரத்தின் முடிவில், அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்தார்கள். தடம் பார்த்துச் சொன்னவர்களில் பழங்குடி வேட்டைத் தடுப்புக் காவலர்கள் முக்கியமானவர்கள். இத்தகைய காவலர்கள் பலரும் தற்காலிகப் பணியாளர்கள். பாகன்கள், காவடிகள் சிலரைத் தாய்லாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப அரசு 2023இல் 50 லட்சம் ஒதுக்கியபோது, ‘இவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது?’ என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. வெளியூர் போய்ப் பார்த்துவருவதில் நட்டமும் இல்லை.

காட்டில் யாருக்கு உரிமை என்ற கேள்வியில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த இடைக்கால நிபந்தனையால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா கொடுப்பது கிட்டத்தட்ட நின்றது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அந்த எட்டு ஆண்டில் பக்கத்தில் என்ன நடந்தது? கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில், அதுவும் புலிகள் காப்பகத்துக்குள், 25 சோளகர் கிராம சபைகளுக்கு 2011இல் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. கேரளத்தின் பெரியாறில் 1990களின் கடைசியிலேயே, காட்டில் பட்டை திருடிப் பிழைத்தவர்களைக் கூட்டி வழிகாட்டிகளாக்கி, மலையேற்றக் கட்டணத்தை அவர்களின் குழுவுக்கே போகச் செய்தார்கள். திருடியவர்களே இரவுக் காவலும் போனார்கள். நேபாளத்தின் சித்வனைச் சுற்றிய கிராமங்களுக்குப் பூங்கா வருவாயில் 30 முதல் 50 விழுக்காடு வரை சட்டப்படியே பங்கு. முதுமலையிலோ இந்தக் காலத்தில் பெரிய நிகழ்வு, உள்ளே இருந்த ஊர்களை வெளியேற்றியது. பென்னை, முதுகுளி, நாகம்பள்ளி போன்ற ஊர்களின் குடும்பங்கள் தலா 10 லட்சம் ரூபாய் திட்டத்தில் வெளியே குடியமர்த்தப்பட்டன. வயல் வைத்திருந்த செட்டிகளில் பலர் போகக் கேட்டவர்கள். அந்த வயலில் உழைத்த பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் காட்டைவிட்டுப் பிழைக்கும் வழி அவ்வளவு எளிதாக அமையவில்லை. இருவரையும் ஒரே தொகையால் அளந்தது இந்தத் திட்டத்தின் அடிப்படைப் பிழை.

சுற்றுலாவையே நிறுத்திவிடலாம் என்ற வாதமும் உண்டு. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் உட்பகுதிச் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை விதித்து, அக்டோபரில் கட்டுப்பாடுகளோடு விலக்கியது. உட்பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அப்போது வந்த வரம்பு. முழுத் தடையை நான் ஆதரிக்கவில்லை. பார்க்காத காட்டுக்காக யாரும் பேச மாட்டார்கள். சாலை வரும்போதும் சுரங்கம் வரும்போதும் பேச ஆள் வேண்டும். ஆனால் எண்ணிக்கை குறைய வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்ததும், மறு ஆண்டு கோடையில் நாளுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்ததும் சரியான திசை. வணிகர்களின் எதிர்ப்பு புரிகிறது. மலையின் கொள்ளளவு அதைவிடக் கறாரானது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேவாலா மழையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அட்டையும் மண்சரிவும்தான் மிஞ்சும். டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள், குரங்குக்கும் மானுக்கும் எதையும் போடாதீர்கள், இருட்டியபின் தேயிலைத் தோட்டத்து வழிகளில் நடக்காதீர்கள். நடைக்கு அரசுத் தடத்தையே பதிவு செய்யுங்கள். தேனோ மிளகோ வாங்கினால் ஆதிவாசிச் சங்கங்களிடம் வாங்குங்கள். அழைப்பில்லாமல் பாடிக்குள் போகாதீர்கள்.

வனத்துறைக்கு ஒரே ஒரு கோரிக்கை. சவாரி, முகாம், மலையேற்றம் எல்லாவற்றுக்கும் கொடுக்கும் டிக்கெட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அந்தக் கட்டணத்தில் வழிகாட்டிக்கு எவ்வளவு, பாகனுக்கும் காவலருக்கும் எவ்வளவு, சுற்றியுள்ள பாடிகளுக்கு எவ்வளவு என்று மூன்று வரி அங்கே அச்சிடுங்கள்.